எட்டுப் பேரும் ஒரு காலி நாற்காலியும்

கிரைன் போல்டர்வார்ட் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது அந்தக் காலி நாற்காலியைப் பற்றித்தான். ஐம்பத்தேழு வருடமாக அவரும் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தார்.

"அது ஓவியரோட நாற்காலி. எழுந்துபோய் எதிர்ல நின்னு எங்களை வரைஞ்சார்ல, அதான் காலியா இருக்கு."

கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். நல்ல பதில். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

படம் இரண்டு மீட்டர் அகலம். ராட்டர்டாமை ஒட்டிய ஸ்கீடாமில், பழைய ஜின் கிடங்குகளுக்குப் பின்னால், கால்வாயைப் பார்த்த வீட்டின் இரண்டாம் மாடியில் ஒரு சுவர் முழுவதையும் அது பிடித்துக்கொண்டிருந்தது. 1966 பிப்ரவரியில் கிரைனின் அப்பாவுக்கு ஐம்பது வயது நிறைந்த நாள் அது. நாற்காலிகள் சுவரோரமாக வட்டமாகப் போடப்பட்டிருக்கின்றன. நடுவில் காகிதத் தோரணத்தின் கீழே அப்பா. காபிக் கூஜாவுடன் அம்மா. இரண்டு சித்தப்பாக்கள், ஓர் அத்தை, சபை மூப்பர், பக்கத்து வீட்டுக்காரி. ஜன்னலோரம் காது மட்டும் பெரிதாக வளர்ந்த பதினெட்டு வயதுக் கிரைன். மொத்தம் எட்டுப் பேர். வலது ஓரத்தில் அந்த நாற்காலி.

வரைந்தவர் சீபே டெர்ப்ஸ்ட்ரா. அந்த வீட்டின் உச்சியில், கூரைக்குக் கீழே இருந்த அறையில் குடியிருந்தார். பகலில் கப்பலுக்குப் பெயின்ட் அடிப்பவர், ஞாயிறு இரவு இவர்கள் வீட்டில் சாப்பிடுபவர். சாப்பாட்டுக்குப் பதிலாக இந்தப் படத்தைக் கொடுத்தார். அவர் செத்து இருபது வருடம் கழித்து உலகம் அவரைக் கண்டுபிடித்தது. கிரைனுக்கு அதில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. படம் அவருக்கு வீட்டில் இருக்கும் ஆட்கள், அவ்வளவுதான்.

வேறு ஆட்கள் இல்லை. மனைவி ரியா போய் எட்டு வருடம். குழந்தை கிடையாது. முப்பத்தாறு வருடம் பாலத்துக் கூண்டில் உட்கார்ந்து, கப்பல் வரும்போது பாலத்தைத் தூக்குவதும் போனபின் இறக்குவதும்தான் வேலை. இரண்டு கரையிலும் சைக்கிள்காரர்கள் காத்து நிற்பார்கள். சிலர் திட்டுவார்கள், சிலர் கையசைப்பார்கள், பாலம் இறங்கியதும் எல்லாரும் போய்விடுவார்கள். கூண்டின் கண்ணாடிக்குப் பின்னால் அவர் மட்டும் அங்கேயே இருப்பார். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபோது பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. காலையில் காபி போட்டுச் சோபாவில் உட்கார்வார். எதிரில் எட்டுப் பேரும் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள்.

இப்போது முழங்கால் போய்விட்டது. ஏணிபோலச் செங்குத்தாக நிற்கும் அந்தப் படிகளில் இனிமேல் ஏறி இறங்க முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முதியோர் குடியிருப்பில் ஓர் அறை கிடைத்தது, ஜூன் முடிவதற்குள் மாற வேண்டும். அங்கே எந்தச் சுவரும் இரண்டு மீட்டர் இல்லை.

"பாதியா வெட்டிடு," என்றாள் கீழ்வீட்டு டோனி. சாமான் கட்ட உதவுகிறேன் என்று வந்து, கட்டாமல் பேசிக்கொண்டிருந்தாள். "உங்க அப்பாவை வெச்சுக்க, மூப்பரைத் தூக்கிப் போடு. அந்த மனுஷன் மூஞ்சிய பாரு, கேக்குல உப்பு போட்டுக் குடுத்தாப்ல."

"சும்மா இரு டோனி."

"நீ மட்டும் என்ன, காலி நாற்காலியைப் பாத்து இளிச்சிட்டு நிக்கிற. சின்ன வயசுலயே உனக்கு மறை கழண்டுபோச்சா?"

படத்தில் இருக்கும் பையன் அந்த நாற்காலியைப் பார்த்துத்தான் சிரிக்கிறான். அவன் யாரைப் பார்த்துச் சிரிக்கிறான் என்பது கிரைனுக்குத் தெரியும். உயிரோடு இருப்பவர்களில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த நாற்காலியில் அக்கா லேனி இருந்தாள். இருந்தவளை அழித்துவிட்டு மேலே வெறும் நாற்காலியை வரைந்தார்கள்.

டோனி சொல்லித்தான் அவர் இரண்டு கடிதம் எழுதினார். ஒன்று ஸ்கீடாமின் சின்னக் கலை அருங்காட்சியகத்துக்கு, இன்னொன்று ராட்டர்டாமின் பெரிய அருங்காட்சியகத்துக்கு. இரண்டுக்கும் நடுவில் மெட்ரோவில் கால் மணி நேரம்தான். சின்னதிலிருந்து மறுநாளே ஃபோன் வந்தது. பெரியதிலிருந்து பதில் வர ஏழு வாரம் ஆனது.

சின்ன அருங்காட்சியகத்தின் இயக்குநர் மார்ட்டன் கோடு போட்ட ஸ்வெட்டரில் தானே வந்து கதவைத் திறந்தார். காபி கொடுத்தார், டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட் எடுக்க விட்டு மறுபடியும் மூடினார். பிறகு மாடிப்படி முடியும் இடத்துக்கு அழைத்துப்போய் ஒரு சுவரைக் காட்டினார்.

"இதோ, இங்கதான். எப்பவும் இங்கயே இருக்கும், எடுக்கவே மாட்டோம். எதிர்ல ஒரு பெஞ்சு போடறேன். நீங்க நெனச்சப்ப வந்து உக்காருங்க. டிக்கெட் கவுண்டர்ல கிரைன்னு சொன்னா போதும், உள்ள விட்டுருவாங்க."

"மழைக்கு இந்தச் சுவர் ஈரம் வாங்குதா?"

"கொஞ்சம் வாங்கும்," என்று மார்ட்டன் ஒப்புக்கொண்டார். "பழைய கட்டடம்ல. ஹீட்டர் வெச்சிருக்கோம்." உடனே முகம் மலர்ந்தார். "அந்தக் காலி நாற்காலி! ஓவியர் எழுந்துபோன நாற்காலி! நீங்க கடிதத்துல எழுதியிருந்தீங்களே, அதைப் படிச்சதும் எனக்கு உடம்பு சிலிர்த்திடுச்சு. அதை வெச்சே ஒரு கண்காட்சி போடலாம். எங்க செய்தி மடல்ல ஏற்கெனவே எழுதிட்டேன், பாருங்க."

மடலைக் கொடுத்தார். கிரைன் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். தன் பொய்யை அச்சில் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை.

திரும்பி வரும்போது மனசு ஏறக்குறைய முடிவு செய்துவிட்டது. டிராமில் பத்து நிமிடம். புதன்கிழமைகளில் போய்ப் பெஞ்சில் உட்காரலாம். அம்மா, அப்பா, அத்தை எல்லாரும் எதிரில். வேறு என்ன வேண்டும்?

பெரிய அருங்காட்சியகத்திலிருந்து வந்தவள் சின்னப் பெண். முப்பதுகூட இருக்காது, பெயர் யிக்கே. மூச்சு வாங்க மேலே ஏறி வந்தாள், படத்தைப் பார்த்ததும் வணக்கம் சொல்ல மறந்துவிட்டாள். பையிலிருந்து ஒரு டார்ச்சை எடுத்துச் சுவரோடு சுவராகச் சாய்த்துப் பிடித்து, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு மெதுவாகப் போனாள். நாற்காலியில் வந்ததும் நின்றாள்.

"சார், இங்க பெயின்ட் ரெண்டு மடங்கு தடிமனா இருக்கு."

"ஓவியரோட நாற்காலி அது."

"ஆங்," என்றாள். டார்ச்சை நகர்த்தவில்லை. "இந்தப் படத்துல மத்த நாற்காலியெல்லாம் ஒரே வீச்சுல போட்டிருக்கார். இது ஒண்ணை மட்டும் இவ்ளோ கஷ்டப்பட்டு... டாய்லெட் எங்க இருக்கு சார்?"

கைகாட்டினார். அவள் போனாள். திரும்பி வர நேரமானது. அந்த ஊரில் எந்த வீட்டுக் கழிவறைக்குள் போனாலும் கதவின் உட்புறம் ஒரு பிறந்தநாள் காலண்டர் தொங்கும், உட்கார்ந்தவர் அதைப் படிக்காமல் எழுந்துவருவதில்லை. கிரைன் வீட்டில் இருந்தது அவருடைய அம்மாவின் காலண்டர். கிழமை கிடையாது, தேதியும் பெயரும் மட்டும். செத்தவர்களின் பெயர்களை எடுப்பதில்லை, பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை போடுவார்கள். அதில் கிட்டத்தட்ட எல்லாப் பெயருக்கும் பக்கத்தில் சிலுவை இருந்தது.

யிக்கே வந்து நின்றாள். காது சிவந்திருந்தது.

"மன்னிச்சுக்குங்க சார், நான் எங்க போனாலும் ஒரு மாசம் விடாம படிப்பேன். அக்டோபர் ஒன்பதுல ஒரு பேரை பிளேடு வெச்சுச் சுரண்டியிருக்கு. காகிதமே மெலிஞ்சு வெளிச்சம் தெரியுது." கொஞ்சம் தயங்கினாள். "ரெண்டும் ஒரே ஆள்தானா?"

கிரைன் உட்கார்ந்தார். முழங்கால் வலித்தது, அதைத் தடவிக்கொடுத்தார்.

"லேனி," என்றார். "எங்க அக்கா."

அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி எத்தனை வருடம் ஆயிற்று என்று அவர் யோசித்துப் பார்த்தார். ரியாவிடம் இரண்டு மூன்று தடவை சொல்லியிருப்பாரா?

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் ரொட்டியைக்கூடத் தங்கள் புராட்டஸ்டன்ட் சபைக்காரர் கடையில்தான் வாங்குவார்கள். பக்கத்துத் தெருவில் கத்தோலிக்கர் கடை இருந்தாலும் மழையில் நனைந்துகொண்டு அடுத்த பேட்டைக்கு நடப்பார்கள். லேனி ஈஸ்டர் முடிந்த வாரம் வந்து, பிரெடா நகரத்து வில் என்பவனைக் கட்டிக்கொள்ளப்போகிறேன் என்றாள். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஆர்.சி. பையனா?" அவள் ஆமாம் என்றாள். பெட்டியை எடுத்துக்கொண்டு அன்றைக்கே போனாள். படத்தில் அப்போது பெயின்ட் காய்ந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது.

மே மாதம் ஒரு சனிக்கிழமை அப்பா கிரைனைக் கூப்பிட்டார். "மேல போ. சீபேகிட்ட சொல்லு, அந்த ஓரத்து ஆள் வேண்டாம். அவருக்குப் புரியும்."

கிரைன் மேலே போனான். சொன்னான். சீபே தூரிகையைத் துடைத்துக்கொண்டே ரொம்ப நேரம் அவனைப் பார்த்தார்.

"உங்க அப்பா சொல்றது கேட்டுச்சு. நீ என்ன சொல்ற?"

பதினெட்டு வயதுக் கிரைன் ஒன்றும் சொல்லவில்லை. காலால் தரைப்பலகையைத் தேய்த்துக்கொண்டு நின்றான். சீபே கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "சரி," என்றார். அவ்வளவுதான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சீபே அழிக்காமல் விட்டிருப்பாரோ என்பதைக் கூண்டில் உட்கார்ந்து அவர் ஆயிரம் தடவை யோசித்திருக்கிறார்.

அப்பா 1989இல் போனார். லேனி 1998 வரை இருந்தாள். நடுவில் ஒன்பது வருடம் தடுக்க யாருமே இல்லை. பிரெடா என்ன சீமையிலா இருக்கிறது? ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை. இருந்தும் ஏன் போகவில்லை? முதல் வருடம், போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அடுத்த வருடம், போன வருடமே போகாதவன் இப்போது எந்த முகத்தோடு போவது என்று இருந்தது. அப்படியே ஒவ்வொரு வருடமும். கடைசியில் சாம்பல் நிறக் கரை போட்ட சாவு அட்டை வந்தது. அடக்கம் வியாழக்கிழமை என்று இருந்தது. அவர் அன்றைக்கும் பாலத்தைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்.

யிக்கே இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, ஆறிப்போன காபியைக் கையில் வைத்திருந்தாள்.

"சார், நான் உங்ககிட்ட பொய் சொல்லப் போறதில்ல. எங்ககிட்ட வந்தா இது நேரா கிடங்குக்குத்தான் போகும். சீபே டெர்ப்ஸ்ட்ரா படமே எங்ககிட்ட பதினாலு இருக்கு, சுவர்ல தொங்கறது ரெண்டு."

"எப்ப மாட்டுவீங்க?"

"பத்து வருஷம் ஆகலாம்."

"எனக்கு எழுபத்தஞ்சு," என்று கிரைன் சிரித்தார்.

"தெரியும் சார். கிடங்குல வந்து பாக்கலாம். ஆறு வாரம் முன்னாடியே நேரம் வாங்கணும், இருபது நிமிஷம் குடுப்பாங்க." மேலே சொல்வதற்கு முன் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஆனா அடியில இருக்கறவங்களை எங்களால பாக்க முடியும்."

"சுரண்டுவீங்களா?"

"ஐயோ, மாட்டோம். மேல இருக்கறதும் அவர் கைதானே. அகச்சிவப்புக் கதிர்ல படம் எடுக்கற கேமரா இருக்கு, அது பெயின்டுக்கு அடியில பாக்கும். அவங்க முகம் தெரியும். படத்தோட பதிவுல அவங்க பேரும் ஏறும்."

"அந்தக் கேமராவுல எடுத்துட்டு, படத்தை ஸ்கீடாம்காரங்களுக்கே குடுத்துட்டா?"

"எங்க படங்களுக்கே வரிசை நிக்குது. வெளியில இருக்கற படத்துக்கு அனுமதி கிடைக்காது. கேட்டுப் பாக்கறேன்." கேட்டும் பார்த்தாள். கிடைக்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் கிரைன் சோபாவில் உட்கார்ந்தே இருந்தார். சின்னதில் கொடுத்தால் வாரம் ஒரு தடவை எல்லாரையும் பார்க்கலாம், லேனியைத் தவிர. பெரியதில் கொடுத்தால் லேனி கிடைப்பாள், மற்ற எல்லாரும் இரும்புக் கதவுக்குப் பின்னால் போய்விடுவார்கள். எஞ்சியிருக்கும் வருடங்களில் தனக்கு யார் வேண்டும்? இந்தக் கேள்வியை இத்தனை வயதில் யாராவது கேட்பார்களா? டோனியிடம் சொன்னபோது அவள்கூடக் கிண்டல் செய்யவில்லை. "முதல்ல அந்த மார்ட்டன்கிட்ட உண்மையைச் சொல்லு. அந்த மனுஷன் என்ன சொல்றான்னு பாரு," என்றாள்.

புதன்கிழமை டிராம் ஏறிப் போனார். மாடிப்படி முடியும் சுவருக்கு வெளிர் சாம்பல் நிறம் அடித்திருந்தார்கள். பெஞ்சு வந்துவிட்டது. மார்ட்டன் அதன் தூசியைக் கையால் தட்டி அவரை உட்கார வைத்தார்.

கிரைன் சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார்.

மார்ட்டன் கெட்டவர் இல்லை. கண் கலங்கத்தான் கேட்டார். கேட்டு முடித்து மோவாயைச் சொறிந்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு, கிரைன். நெஜமாவே. ஆனா பாருங்க, அடியில ஆள் இருக்காங்கன்னு எழுதிட்டு, காட்ட முடியலைன்னா வர்றவங்க ஏமாந்துருவாங்க. எங்ககிட்ட அந்தக் கேமரா கிடையாது. ஓவியர் எழுந்துபோனாருங்கறது அழகா இருக்கு, குழந்தைங்களுக்கும் புரியுது. அதை அப்படியே விட்டுரலாமா? உங்களுக்கும் இத்தனை வருஷமா அதுதானே பழக்கம்."

கடைசி வார்த்தையை அவர் இரக்கத்தோடுதான் சொன்னார். கிரைன் அந்தப் பெஞ்சின் விளிம்பை ஒரு தடவை தடவிப் பார்த்தார். நல்ல ஓக் மரம். எதிரில் ஈரம் காயாத வெற்றுச் சுவர். இங்கே உட்கார்ந்து ஒவ்வொரு புதனும், படிக்கட்டில் ஏறி வரும் ஒவ்வொரு குழந்தைக்கும், அக்காவை மறுபடியும் அழித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தடவை ஒன்றும் சொல்லாமல் நின்றது போதாதா?

"வேண்டாம் மார்ட்டன்," என்றார். ஐம்பத்தேழு வருடம் தாமதமாக வந்த வார்த்தை அது.

ஜூனில் படத்தை எடுக்க வந்தார்கள். படிவழியாக இறங்காது என்று ஜன்னல் சட்டத்தைக் கழற்றி, தெருவிலிருந்து ஏணி லிஃப்ட் போட்டு இறக்கினார்கள். துணி சுற்றிய பெரிய செவ்வகம் கால்வாய்க்கு மேலே ஒரு நிமிடம் ஆடாமல் நின்று, பிறகு மெதுவாகக் கீழே போனது. டோனி தெருவில் நின்று, "மூப்பரைக் கீழ போட்டுடாதீங்கப்பா!" என்று கத்தினாள். கிரைன் மேலே, சட்டம் இல்லாத ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் புதுசுபோல வெளுப்பாக இருந்தது.

புதிய அறையில் காலையில் காபி போட்டுவிட்டு எங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்துமிடம். கொஞ்ச நாள் அதைப் பார்த்தார். இரண்டு மூன்று புதன்கிழமை பழக்க தோஷத்தில் டிராம் ஏறி சின்ன அருங்காட்சியகத்துக்கும் போனார். பெஞ்சு அங்கேயே இருந்தது, சுவரில் ஒரு மீன்பிடிப் படகுப் படத்தை மாட்டியிருந்தார்கள். மார்ட்டன் காபி கொடுத்தார், ஒரு பிஸ்கட்டும். இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

கிடங்குக்கு அவர் கேட்டு வாங்கிய நாள் அக்டோபர் ஒன்பது. காலை பத்து நாற்பது முதல் பதினொன்று வரை.

போகும் வழியில் ஒரு கடையில் ஆப்பிள் கேக் இரண்டு துண்டு வாங்கினார். வாசலில் அதைத் தடுத்துவிட்டார்கள், கோட்டோடு அதையும் லாக்கரில் பூட்ட வேண்டியிருந்தது. ஜன்னலே இல்லாத பெரிய கூடம், வெள்ளை வெளிச்சம். யிக்கே இரும்புவலைச் சட்டம் ஒன்றைத் தண்டவாளத்தில் இழுத்தாள். கிறீச்சென்று எட்டுப் பேரும் வெளியே வந்தார்கள். பக்கத்தில் அதே அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் புகைப்படத்தை அவள் ஏற்கெனவே சாய்த்து வைத்திருந்தாள்.

லேனி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தை உப்பிக்கொண்டு, புருவத்தை நெற்றிவரை ஏற்றி, கைகளை வயிற்றில் கோத்து, அச்சு அசலாக மூப்பர்போல. மூப்பருக்குத் தெரியாமல் தம்பிக்கு மட்டும் காட்டுகிறாள். எதிரே ஜன்னலோரம் அவன் அடக்க முடியாமல் சிரிக்கிறான்.

கிரைனும் சிரித்துவிட்டார். அந்தக் கூடத்தில் அது பெரிதாக எதிரொலித்தது.

"அன்னிக்கு முழுக்க இதையே பண்ணிட்டிருந்தா," என்றார். "எங்க அம்மா என் காலை மிதிச்சாங்க, சிரிக்காதடான்னு."

யிக்கே கொஞ்சம் தள்ளிப்போய், ஏதோ எழுதுவதுபோல நின்றாள். கிரைன் நின்றுகொண்டே பார்த்தார், அங்கே பெஞ்சு கிடையாது. பத்து ஐம்பத்தெட்டுக்கு அவள் திரும்பி வந்து, கையுறையைக் கழற்றிவிட்டுக் கை நீட்டினாள்.

"உங்க அக்கா பிறந்தநாளுக்கு உங்களுக்கு வாழ்த்துகள், சார்."

அந்த ஊர் வழக்கம் அது. பிறந்தநாள் யாருக்கோ, கைகொடுப்பது வட்டத்தில் இருக்கும் எல்லாருக்கும். உன் அப்பாவுக்காக உனக்கு வாழ்த்து, உன் மச்சானுக்காக உனக்கு வாழ்த்து என்று ஒருவர் விடாமல் சுற்றி வருவார்கள். லேனிக்காக அவருக்கு யாரும் கைகொடுத்து ஐம்பத்தெட்டு வருடம் ஆகியிருந்தது. அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, நன்றி சொன்னார். கையை விடாமலே கேட்டார்.

"அடுத்த வருஷமும் இதே நாள் போட்டுக்கலாமா?"

"அடுத்த வருஷத்துக்கு இன்னும் பதிவு தொறக்கலை சார். ஜனவரியில கூப்பிடுங்க."

லாக்கர் பக்கத்தில் கேக் டப்பாவைத் திறந்து ஒரு துண்டை அவளுக்குக் கொடுத்தார். அவள் நின்றபடியே நாலு வாயில் தின்றுவிட்டு, அடுத்த சந்திப்புக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.

மற்றத் துண்டை அவர் வீட்டில் சாப்பிட்டார். சைக்கிள்கள் மழையில் நனைந்துகொண்டிருந்தன. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, பேனா எடுத்துக்கொண்டு கழிவறைக்குப் போனார். அம்மாவின் காலண்டரை இங்கேயும் கதவின் உட்புறம் மாட்டியிருந்தார். ஒன்பதாம் தேதிக் கோட்டில், சுரண்டி மெலிந்துபோன அந்த இடத்தில், கை அழுத்தாமல் எழுதினார்: லேனி, 1943. மை கொஞ்சம் பரவியது. பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவை போட்டார். ஊதி உலர்த்திவிட்டு, படிக்க வேறு யாராவது வருவார்களா என்று ஒரு கணம் நினைத்தார். விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினார்.